சுவீடியப் பேச்சுமொழியைத் தமிழ்வழிக் கற்றல்: சொல்லும் இலக்கணமும் – ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தீப்பெட்டித் தொழிலால் சுவீடனோடு நூறாண்டுத் தொடர்புடைய சிவகாசி, விருதுநகர் வட்டாரத்திலிருந்து இன்று கல்விக்காகவும் பணிக்காகவும் ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்வோர் உள்ளனர். அவர்களுள் சுவீடிய மொழியைக் கற்க விழைவோர் பெரும்பாலும் ஆங்கிலவழி நூல்களையே நாட வேண்டியுள்ளது. சுவீடிய மொழியின் ஒலியமைப்பு, பெயர்ச்சொல் ஈறு, தற்சுட்டுப் பெயர், உறவுமுறைச் சொல், தொகைச்சொல் ஆகியவற்றை ஆங்கிலத்தைவிடத் தமிழ் இலக்கணமே தெளிவாக விளக்கவல்லது என்பதையும், தொடரமைப்பு, விடைச்சொல், நேரம் கூறல், விளிமுறை ஆகியவற்றில் தமிழ்ப் பழக்கம் பிழைக்கு இடமளிக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சுவீடிய மொழி, தமிழ், ஒப்பிலக்கணம், இரண்டாம் மொழி கற்றல், நாவளை ஒலி, சிவகாசி.

முன்னுரை

ஒரு புதிய மொழியைக் கற்பவர் முன்னரே அறிந்த மொழியின் வழியாகவே அதை அணுகுகிறார். தமிழகத்திலிருந்து சுவீடனுக்குச் செல்பவருக்கு அந்த இடைமொழி ஆங்கிலமாகவே அமைகிறது. ஆங்கிலமும் சுவீடிய மொழியும் செருமானியக் கிளையைச் சேர்ந்தவை. ஆதலால் இது இயல்பான வழியே என்று தோன்றும். ஆயினும் ஆங்கிலம் இழந்துவிட்ட அல்லது பெற்றிராத சில வேறுபாடுகளைச் சுவீடிய மொழி கொண்டுள்ளது. அவற்றுட் சில தமிழில் நாள்தோறும் வழங்குபவை. ஆங்கிலத்தின் வழியாக அவற்றைக் கற்கும் தமிழர், தம்மிடம் உள்ளதை அறியாமல் அதையே கடினமானதாகக் கருதிப் பயில நேர்கிறது.

சுவீடனில் ஆங்கிலம் பரவலாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆய்வகத்திலும் மென்பொருள் நிறுவனத்திலும் சுவீடிய மொழி அறியாமலே பணியாற்ற இயலும். எனினும் மருத்துவம், செவிலியம், பள்ளிக் கல்வி, முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளில் அம்மொழி இன்றியமையாதது. 2009ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் சுவீடிய மொழியை நாட்டின் முதன்மை மொழியாக அறிவித்தது. வயதுவந்த குடியேறிகளுக்குக் கட்டணமின்றி அம்மொழியைக் கற்பிக்கும் முறை 1965இல் தொடங்கியது. இன்று அது எஸ்.எஃப்.ஐ. என்னும் பெயரில் நகராட்சிகளின் பொறுப்பில் நடைபெறுகிறது. அவ்வகுப்புக்குச் செல்லும் தமிழர் தம் தாய்மொழி அறிவை எங்கே பயன்படுத்தலாம், எங்கே ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் சிக்கலாகும்.

சுவீடியச் சொற்கள் யாவும் இங்குத் தமிழ் எழுத்தில், ஒலிப்பை ஒட்டித் தரப்படுகின்றன. தமிழ் எழுத்து வல்லினத்தின் ஒலிப்புடைமையையும் சில உயிரொலிகளையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆகவே இவை ஒலியை அணுகுவதற்கான குறிப்புகளே. முழு ஒலிப்பெயர்ப்பு அல்ல.

சிவகாசியும் சுவீடனும்

பாதுகாப்புத் தீக்குச்சியின் தாயகம் சுவீடன். கூஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தோர் யொன்ஷோப்பிங் நகரில் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். எரியும் வேதிப்பொருள்கள் அனைத்தையும் குச்சியின் தலையிலேயே வைக்காமல், செம்பாசுவரத்தைப் பெட்டியின் உரசுபரப்பில் பிரித்து வைத்ததே அதன் சிறப்பாகும். 1923இல் சுவீடிய நிறுவனத்தின் முதலீட்டில் மேற்கிந்தியத் தீப்பெட்டி நிறுவனம், அதாவது விம்கோ, தொடங்கப்பட்டது. சென்னைத் திருவொற்றியூரில் அதன் ஆலை இருந்த பகுதி இன்றும் விம்கோ நகர் என்றே வழங்குகிறது. கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கியதும் அதே 1923ஆம் ஆண்டிலேயே. இயந்திரத்தில் உருவான சுவீடியத் தீப்பெட்டியும் கையால் உருவான சிவகாசித் தீப்பெட்டியும் பல்லாண்டுகள் ஒரே சந்தையில் போட்டியிட்டன.

மொழித் தொடர்பு இதனினும் பழமையானது. சுவீடனில் பிறந்த கீர்நாண்டர் 1740இல் கடலூருக்கு வந்து சமயப்பணி ஆற்றினார். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயராக 1921இல் பொறுப்பேற்ற எர்ன்ஸ்ட் ஹியூமனும் சுவீடியரே. உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷால்க், ஆ. வேலுப்பிள்ளை ஆகியோர் தமிழர் சமய வரலாற்றை ஆராய்ந்தனர். சுவீடியர் தமிழ் கற்ற வரலாறு இவ்வாறு தொடர்ந்திருக்க, தமிழர் சுவீடிய மொழி கற்பதற்கான இலக்கண விளக்கம் தமிழில் போதிய அளவு வளரவில்லை.

ஒலியமைப்பு: தமிழ்ச் செவியின் வலிமை

சுவீடிய மொழியின் நடு, வட வழக்குகளில் ரகர ஒற்றை அடுத்துப் பல்லொலி வரும்போது இரண்டும் இணைந்து ஒரே நாவளை ஒலியாகின்றன. ரகரமும் தகரமும் சேர்ந்து டகரமாகும். ரகரமும் னகரமும் சேர்ந்து ணகரமாகும். ரகரமும் லகரமும் சேர்ந்து ளகரமாகும். ரகரமும் ஸகரமும் சேர்ந்து ஷகரத்தை ஒத்த ஒலியாகும். குழந்தையைக் குறிக்கும் சொல் எழுத்தில் ரகரம் கொண்டிருந்தும் 'பாண்' என்றே ஒலிக்கும். முத்தைக் குறிக்கும் சொல் 'பேளா' என ஒலிக்கும். மார்ச் மாதம் 'மஷ்' ஆகும்.

இவ்வேறுபாடு பொருளை மாற்றவல்லது. 'ஃபாத்' என்பது தட்டு. 'ஃபாட்' என்பது வேகம். 'தூன்' என்பது இசையொலி. 'தூண்' என்பது கோபுரம். பல்லொலியையும் நாவளை ஒலியையும் தனித்தனி எழுத்தாகக் கொண்ட தமிழருக்கு இவற்றைக் கேட்டறிவதும் ஒலிப்பதும் எளிது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது பெரும் பயிற்சியை வேண்டுவது.

ஆயினும் இங்கு ஒரு தடையும் உண்டு. ஆங்கிலச் சொற்களின் நுனியண்ண ஒலியைத் தமிழர் டகரமாக ஏற்பது வழக்கம். டீ, டிக்கெட், டவுன் என்பன காண்க. ஆங்கிலவழிக் கற்கும் தமிழர் இப்பழக்கத்தைச் சுவீடிய மொழிக்கும் கொண்டுசெல்வர். அங்கோ தனித்து வரும் அவ்வெழுத்துத் தமிழ்த் தகரத்தை ஒத்த பல்லொலியாகும். எனவே எல்லா இடத்திலும் டகரம் ஒலிப்பவர் தட்டுக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இழக்கிறார். தகரத்தையும் டகரத்தையும் தமிழ்முறைப்படி பிரித்து ஒலித்தால் இச்சிக்கல் எழாது. தென்பகுதியான ஸ்கோனெ வழக்கிலும் பின்லாந்தின் சுவீடிய வழக்கிலும் இந்த இணைவு நிகழ்வதில்லை என்பதையும் கற்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது வலிமை மாத்திரை பற்றியது. குறில், நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டித்தலும் தமிழில் பொருள் வேறுபடுத்துவன: படு, பாடு, பட்டு, பாட்டு. சுவீடிய மொழியில் அழுத்தம் பெறும் அசையில் உயிர் நீண்டால் மெய் குறுகும். உயிர் குறுகினால் மெய் நீளும். 'தாக்' என்பது கூரை. 'தக்க்' என்பது நன்றி. 'க்லாஸ்' என்பது கண்ணாடிக் குவளை; 'க்லஸ்ஸ்' என்பது பனிக்கூழ். 'மாத்' என்பது உணவு. 'மத்த்' என்பது சோர்வுற்ற நிலை. தமிழின் நான்கு வகையுள் 'பாடு', 'பட்டு' என்னும் இரு வகைகளை மட்டும் சுவீடிய மொழி ஏற்கிறது என்று கூறினால் தமிழ் மாணவர் உடனே விளங்கிக்கொள்வர்.

தமிழ் உதவாத இடங்களும் உள. இதழ் குவித்து, நாவை முன்னே நிறுத்தி ஒலிக்கும் முன்னுயிர்கள் தமிழில் இல்லை. மேலும் சுவீடிய எழுத்து ஏமாற்றக்கூடியது. உரோம எழுத்து வரிசையில் ஒகரத்துக்குரிய எழுத்து நெடிலாக வரும்போது பெரும்பாலும் ஊகாரமாக ஒலிக்கும். தலையில் சிறு வளையம் பெற்ற அகர எழுத்து ஓகாரமாக ஒலிக்கும். சொல்லின் சுரமும் பொருளை வேறுபடுத்தும். 'அந்தென்' என்னும் ஒரே எழுத்து வடிவம் ஒரு சுரத்தில் 'அந்த வாத்து' எனவும் மற்றொரு சுரத்தில் 'அந்த ஆவி' எனவும் பொருள்படும். இவை செவிப்பயிற்சியால் மட்டுமே கைவருவன.

பெயர்ச்சொல்: ஈற்றில் நிற்கும் சுட்டு

ஆங்கிலத்தில் குறிப்பிட்ட பொருளைச் சுட்டும் சொல் பெயருக்கு முன் தனியே நிற்கும். சுவீடிய மொழியில் அது பெயரின் ஈற்றில் ஒட்டும். 'என் பூக்' என்பது ஏதோ ஒரு புத்தகம். 'பூக்கென்' என்பது முன்பே அறிந்த புத்தகம். 'எத்த் ஹூஸ்' என்பது ஒரு வீடு. 'ஹூசெத்' என்பது அந்த வீடு. ஒட்டுநிலை மொழியான தமிழைப் பேசுவோருக்கு ஈற்றில் உருபு சேர்வது புதிதன்று.

பொருள் நிலையிலும் ஓர் இணை உண்டு. 'அவன் புத்தகம் எடுக்கிறான்' என்பதற்கும் 'அவன் புத்தகத்தை எடுக்கிறான்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. அஃறிணைப் பெயரில் ஐகார உருபு வெளிப்படுவது பெரும்பாலும் குறிப்பிட்ட பொருளைச் சுட்டுகிறது. 'ஹன் தார் என் பூக்', 'ஹன் தார் பூக்கென்' என்னும் தொடர்கள் இவ்வேறுபாட்டையே காட்டுகின்றன. அடைமொழி சேரும்போது 'தென் ஸ்தூரா பூக்கென்' எனச் சுட்டு முன்னும் பின்னும் வரும். 'அந்தப் பெரிய புத்தகத்தை' என்னும் தமிழ்த் தொடரில் 'அந்த' என்பதும் ஐகாரமும் இணைந்து நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் ஐகாரம் செயப்படுபொருளில் மட்டுமே வரும். சுவீடிய ஈறு எவ்விடத்திலும் வரும். இவ்வெல்லையை ஆசிரியர் தொடக்கத்திலேயே உணர்த்த வேண்டும்.

சுவீடியப் பெயர்கள் 'என்' வகை, 'எத்த்' வகை என இரு பாகுபாடு உடையன. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 'என்' வகையைச் சார்ந்தவை. தமிழ்த் திணைப் பாகுபாடு பொருள் பற்றியது. இது பெரும்பாலும் சொல் பற்றியது. எனவே ஒவ்வொரு பெயரையும் அதன் வகையோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். குழந்தையைக் குறிக்கும் 'பாண்' என்னும் சொல் 'எத்த்' வகையில் அடங்குவது ஆங்கிலவழிக் கற்பவருக்கு வியப்பாகத் தோன்றலாம். 'குழந்தை அழுகிறது' என்று அஃறிணை முடிபு கொடுக்கும் தமிழருக்கு அது வியப்பன்று.

தற்சுட்டும் உறவுமுறையும்

'அவன் தன் புத்தகத்தை எடுத்தான்', 'அவன் அவனுடைய புத்தகத்தை எடுத்தான்' என்னும் இரண்டும் தமிழில் வேறுபடக்கூடியவை. முன்னது எழுவாயின் புத்தகமேயாகும். பின்னது வேறொருவனுடையதாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. சுவீடிய மொழியோ 'சின்' எனவும் 'ஹன்ஸ்' எனவும் பிரிக்கிறது. இதனை ஆங்கிலத்தில் விளக்கப் பல வரிகள் வேண்டும். தமிழில் 'தன்', 'அவனுடைய' என்னும் இரு சொற்கள் போதும். தமிழில் பின்னது ஓரளவு நெகிழ்வாக வழங்கும். சுவீடிய மொழியில் அந்நெகிழ்வு இல்லை என்பதை மட்டும் சேர்த்துக் கூறல் வேண்டும்.

உறவுச் சொற்களிலும் இந்நிலை காணப்படுகிறது. தந்தையின் உடன்பிறந்தானையும் தாயின் உடன்பிறந்தானையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும். சுவீடிய மொழியில் சிற்றப்பனும் பெரியப்பனும் 'ஃபர்ப்ரூர்', தாய்மாமன் 'முர்ப்ரூர்', அத்தை 'ஃபஸ்தெர்', தாயுடன் பிறந்தவள் 'முஸ்தெர்'. தந்தைவழிப் பாட்டி 'ஃபர்முர்' எனவும் தாய்வழிப் பாட்டி 'முர்முர்' எனவும் பிரிவர். தென்மாவட்ட வழக்கில் அப்பத்தா, அம்மாச்சி எனப் பிரித்து வழங்குவோருக்கு இது இயல்பாகவே பொருந்தும். ஆயினும் தமிழ் உறவுமுறையின் மூத்தோர், இளையோர் பாகுபாடு இச்சொற்களில் இல்லை. முறைமாமன், முறைப்பெண் என்னும் மணவுறவுக் கருத்தும் 'முர்ப்ரூர்' என்னும் சொல்லில் இல்லை. சொல் பொருந்துவதால் சமூகப் பொருளும் பொருந்திவிடாது.

தொகைச்சொல்லும் சாரியையும்

அன்றாடச் சொற்களில் பெரும்பகுதி தொகைகளாக அமைவது சுவீடிய மொழியின் இயல்பு. சிவகாசித் தொழிற்சொற்களைக் கொண்டே இதை விளக்கலாம். தீக்குச்சி 'தெந்த்ஸ்திக்கா'. பற்றவைத்தலைக் குறிக்கும் 'தெந்த்' என்பதும் குச்சியைக் குறிக்கும் 'ஸ்திக்கா' என்பதும் இணைந்த தொகை இது. பெட்டியைக் குறிக்கும் 'அஸ்க்' சேரும்போது இறுதி உயிர் கெட்டு, இடையே ஸகர ஒற்றுத் தோன்றி 'தெந்த்ஸ்திக்ஸ்அஸ்க்' (தீப்பெட்டி) என்றாகும். மரம் என்பது ஈறு கெட்டு அத்துச் சாரியை பெற்று 'மரத்துக்கிளை' ஆவதோடு இது ஒப்பிடத்தக்கது. பட்டாசு 'ஸ்மெல்லரெ', வாணவெடி 'ரக்கேத்', கம்பி மத்தாப்பு 'தொம்தெப்லொஸ்ஸ்', கந்தகம் 'ஸ்வாவெல்' என்பன இவ்வட்டார மாணவர் எளிதில் நினைவிற்கொள்ளும் சொற்களாகும்.

தொகையைப் பிரித்து எழுதினால் பொருள் மாறும். 'ரோக்ஃப்ரித்த்' எனச் சேர்ந்தால் 'புகையற்ற இடம்'. பிரித்தால் 'தாராளமாகப் புகைபிடி' என்றாகிவிடும். 'தந்த பலகை', 'தந்தப்பலகை' ஆகியவற்றின் வேறுபாட்டைப் பள்ளியிலேயே பயின்ற தமிழ் மாணவருக்கு இவ்விதியின் இன்றியமையாமை விளங்கும்.

தமிழ்ப் பழக்கம் தடையாகும் இடங்கள்

முதலாவது தொடரமைப்பு. தமிழில் வினை ஈற்றில் நிற்கும். சுவீடிய முதன்மைத் தொடரில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். 'யா அர்பேத்தர் இதா' (நான் இன்று வேலை செய்கிறேன்) என்பதில் 'இதா' (இன்று) முதலில் வந்தால் 'இதா அர்பேத்தர் யா' என எழுவாய் வினைக்குப் பின் செல்ல வேண்டும். 'இதா யா அர்பேத்தர்' என்பது பிழை. தமிழிலும் ஆங்கிலத்திலும் 'இன்று நான்' என்னும் வரிசையே இயல்பாதலால் இரு மொழிகளும் சேர்ந்து கற்பவரை இப்பிழைக்குள் தள்ளுகின்றன. சார்புத் தொடரில் எதிர்மறைச் சொல் வினைக்கு முன் வரும். 'ஹன் கொம்மெர் இந்த்தெ' (அவன் வரமாட்டான்) என்பது 'அத்த் ஹன் இந்த்தெ கொம்மெர்' (அவன் வரமாட்டான் என்று) என மாறும்.

இரண்டாவது வினைமுற்று. சுவீடிய வினை எண், பால், இடம் காட்டாது. 'கொம்மெர்' என்பது நான், நீ, அவன், அவர்கள் ஆகிய அனைவர்க்கும் பொது. இது கற்பவரின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் 'வருகிறேன்' என எழுவாயின்றிப் பேசும் தமிழ்ப் பழக்கம் அங்குச் செல்லாது. எழுவாயைக் கூறியே தீர வேண்டும்.

மூன்றாவது விடைச்சொல். 'நீ வரவில்லையா?' என்னும் வினாவுக்கு 'ஆமாம்' என்றால் தமிழில் வரவில்லை என்றே பொருள். சுவீடிய மொழியில் வராதவர் 'நேய்' (இல்லை) என்று கூற வேண்டும். வருபவர் 'யா' (ஆம்) என்னாமல் 'யூ' என்னும் தனிச்சொல்லைக் கூற வேண்டும். எதிர்மறை வினாவை மறுப்பதற்கென்றே அமைந்த சொல் அது.

நான்காவது நேரம். 'ஹல்வ் ஃபெம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அரை ஐந்து' ஆகும். தமிழர் இதனை ஐந்தரை எனக் கொள்வர். உண்மையில் அது நாலரை. ஐந்தை நோக்கிய அரைமணி என்பதே அதன் கருத்து. மருத்துவரிடம் குறித்த நேரத்தை இவ்வாறு ஒரு மணிநேரம் தவறவிட நேரலாம்.

ஐந்தாவது விளிமுறை. 1960களின் இறுதியில் சுவீடனில் மரியாதைப் பன்மையும் பட்டப்பெயர் விளியும் வழக்கிழந்து, 'தூ' (நீ) என்பது அனைவர்க்கும் பொதுவாயிற்று. 1967இல் மருத்துவத்துறைத் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்செத், பணியாளர் அனைவரையும் அவ்வாறே விளிக்கப்போவதாக அறிவித்தது இம்மாற்றத்தின் அடையாளமாகக் குறிக்கப்படுகிறது. கடைக்காரரையும் 'அண்ணாச்சி' என்று முறைசொல்லி விளிக்கும் விருதுநகர் வட்டாரத்தாருக்குப் பேராசிரியரைப் பெயர் சொல்லி 'தூ' என விளிப்பது கூச்சம் தரும். அங்குப் பணிவு விளிச்சொல்லில் இல்லை; 'தக்க்' என்னும் சொல்லிலும், ஏவலைத் தவிர்த்து 'இயலுமா?' என வினவும் தொடரிலும் அது அமைந்துள்ளது. தமிழில் அன்றாடம் அரிதாகவே வழங்கும் நன்றிச்சொல்லைச் சுவீடியர் கடையிலும் பேருந்திலும் உணவு மேசையிலும் தவறாது கூறுவர். 'தக்க்' என்பதைத் தவிர்ப்பது மொழிப்பிழையாக அன்றிப் பண்புக்குறைவாகவே கொள்ளப்படும்.

கற்பித்தல் வரிசை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து தமிழருக்கேற்ற பாடவரிசை ஒன்றை வகுக்கலாம். முதற்கட்டத்தில் தகர டகர வேறுபாடு, உயிர் மெய் நீளம், 'தக்க்' உள்ளிட்ட வழக்குச் சொற்கள், 'தூ' விளி ஆகியவற்றைப் பயிற்றலாம். இரண்டாம் கட்டத்தில் ஈற்றுச் சுட்டு, 'சின்' என்னும் தற்சுட்டு, உறவுச் சொற்கள், தொகைகள் ஆகியவற்றைத் தமிழ் இலக்கணக் கலைச்சொற்களைக் கொண்டே விரைந்து முடிக்கலாம். இவ்வாறு மிஞ்சும் காலத்தை மூன்றாம் கட்டத்தில் வினையின் இரண்டாம் இடம், எதிர்மறை வரிசை, முன்னுயிர்கள், சொற்சுரம் ஆகியவற்றுக்குச் செலவிடுதல் வேண்டும். கடினமானவற்றுக்கு மிகுதியான காலமும் எளியவற்றுக்குக் குறைந்த காலமும் அளிக்கும் இப்பகிர்வு, ஆங்கிலவழி நூல்களில் அமைய இயலாது. அந்நூல்கள் கருதும் எளிமையும் கடினமும் ஆங்கிலேயருக்குரியவை.

முடிவுரை

சுவீடிய மொழியைக் கற்கும் தமிழருக்கு ஆங்கிலம் மட்டுமே பாலமாதல் வேண்டா என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. நாவளை ஒலி, மாத்திரை, ஈற்றுருபு, தற்சுட்டு, உறவுமுறை, சாரியை என்னும் தமிழ் இலக்கணக் கருத்துகள் ஓர் ஐரோப்பிய மொழியை விளக்கவும் பயன்படும் கருவிகளாகும். இதன் பயன் ஒருவழிப்பட்டதன்று. 1977இன் தாய்மொழிக் கல்விச் சீர்திருத்தத்திற்குப் பின், சுவீடனில் வளரும் புலம்பெயர்ந்தோர் குழந்தைகள் பள்ளியில் தம் தாய்மொழியைக் கற்க வழியுண்டு. சுவீடிய மொழியை முதலில் அறிந்து தமிழை அடுத்துக் கற்கும் தமிழ்ச் சிறாருக்கு, 'சின்' என்பதைக் கொண்டு 'தன்' என்பதையும், 'தூண்' என்னும் ஒலியைக் கொண்டு ணகரத்தையும் கற்பிக்க இதே ஒப்பீடு உதவும். தமிழ்த்துறைகள் இத்தகைய ஒப்பிலக்கணக் கையேடுகளை உருவாக்குதல், வெளிநாடு செல்லும் மாணவருக்கும் அங்கு வளரும் தலைமுறைக்கும் ஒருசேரப் பயன்தரும் பணியாகும்.